கடல் கடந்த அடுப்பு

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்

ஆண்டு மலருக்கு ஓர் அறிவியல் கட்டுரை எழுதித் தருமாறு எங்கள் துறைப் பேராசிரியர் கேட்டபோது எத்தனையோ தலைப்புகள் மனத்தில் தோன்றின. அணுவின் கதை, நெகிழியின் தீமை, கடல்நீரைக் குடிநீராக்கும் வழி என்று ஒரு தாளில் குறித்தும் வைத்தேன். பிறகு அவற்றையெல்லாம் அடித்துவிட்டு, சமையலைப் பற்றி எழுதப்போகிறேன் என்றேன். தோழியர் சிரித்தார்கள். "வேதியியல் படிக்கிற பெண்ணுக்குக் கடைசியில் அடுப்படிதானா கிடைத்தது?" என்று ஒருத்தி கேட்டேவிட்டாள்.

காரணம் உண்டு. நான் இக்கல்லூரியில் சேர்ந்த நாளில் நிரப்பிய விண்ணப்பத்தில், 'தந்தையின் தொழில்' என்ற இடத்தில் மீன்பிடித்தல் என்று எழுதினேன். அதற்கு அடுத்த வரி 'தாயின் தொழில்'. அந்த இடத்தில் ஒரு சிறு கோடு போட்டேன். என் அம்மா 2012 முதல் 2022 வரை குவைத் நாட்டில் ஒரு வீட்டில் பதினொரு பேருக்கு மூன்று வேளையும் சமைத்தவர். அந்தச் சம்பளத்தில்தான் நான் பள்ளிப் படிப்பை முடித்தேன். அந்தச் சம்பளத்தின் மிச்சத்தில்தான் அந்த விண்ணப்பத்துக்கான பணமும் கட்டப்பட்டது. இருந்தும் கோடு போட்டேன். அயல்நாட்டில் பிறர் வீட்டில் சமைப்பது என்றால் என்ன, அதற்கு எவ்வளவு அறிவு வேண்டியிருக்கிறது என்பதை நான் அறிந்த அளவில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் கரையும் அந்தக் கரையும்

இராமேஸ்வரம் தீவில் பிறந்தவர்களுக்குக் கடல் தாண்டிப் பிழைப்பது புதிதன்று. 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்ட பிறகு, தனுஷ்கோடி வரை இரயிலும் அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பலுமாக எத்தனையோ ஆயிரம் பேர் இலங்கைக்குப் போனார்கள். தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் ஏழைகளை மண்டபம் முகாமில் தங்கவைத்து, நோய் இல்லையென்று உறுதிசெய்த பிறகே கப்பலேற்றினார்கள். 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. தனுஷ்கோடி வழியான அந்தப் பயணமும் அத்தோடு முடிந்தது. அதற்குப் பிறகு எங்கள் மக்கள் நோக்கிய திசை மேற்கு. கீழக்கரையில் தொடங்கி எங்கள் தெரு வரை, வளைகுடா நாட்டில் ஓர் ஆள் இல்லாத குடும்பத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

குவைத்தைப் பற்றிப் படித்தபோது எனக்கு ஒரு வியப்பு. எண்ணெய் கிடைப்பதற்கு முன் அவர்களும் நம்மைப் போலவே முத்துக் குளித்தும் கப்பலோட்டியும் பிழைத்தவர்கள். 1938-இல்தான் அங்கே எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டது. 1946-இல்தான் முதல் ஏற்றுமதி. அதற்கு முன் அவர்களுடைய மரக்கலங்கள் பேரீச்சம்பழத்தை ஏற்றிக்கொண்டு பம்பாய்க்கும் கள்ளிக்கோட்டைக்கும் வந்து, மரமும் மிளகும் ஏலமும் ஏற்றிச் சென்றன. 1961 வரை அந்நாட்டில் செலாவணியில் இருந்தது நம் ரூபாய்! வளைகுடாவுக்கென்றே 1959-இல் நமது ரிசர்வ் வங்கி தனி நோட்டு அச்சிட்டது. ஆக, அம்மா அங்கே போய்த் திறந்த அஞ்சறைப் பெட்டியில் இருந்தவற்றில் பாதி, அவருக்கு முன்பே இந்தியாவிலிருந்து போய்ச் சேர்ந்தவை எனலாம்.

இரண்டு கடவுச்சீட்டுகள்

எங்கள் வீட்டுத் தகரப்பெட்டியில் இரண்டு கடவுச்சீட்டுகள் உள்ளன. ஒன்று அம்மாவுடையது. மற்றொன்று சென்ற ஆண்டு நான் எடுத்தது; எங்கே போகப்போகிறேன் என்று தெரியாமலே எடுத்தேன். இரண்டுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. அம்மாவினுடையதில் குடிபெயர்வு அனுமதி தேவை என்ற குறிப்பு இருக்கிறது, என்னுடையதில் இல்லை. பத்தாம் வகுப்புத் தேறியவருக்கு அக்குறிப்பு வராது. அம்மா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். அக்குறிப்பு உள்ளவர்கள் குவைத் உள்ளிட்ட பதினெட்டு நாடுகளுக்கு வேலைக்குப் போவதானால், 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி அரசு அதிகாரியின் அனுமதி பெற்றாக வேண்டும். வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணாயின் முப்பது வயது நிறைந்திருக்க வேண்டும் என்பது இன்னொரு விதி. அம்மா புறப்பட்டபோது அவருக்கு வயது முப்பத்தொன்று. நான் இரண்டாம் வகுப்பு.

இவ்விதிகள் பெண்களைக் காப்பதற்காக ஏற்பட்டவை என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால், காகிதத்தில் ஒருவரை 'திறனற்ற தொழிலாளி' என்று எழுதிவிட்டால் எல்லோரும் அதையே நம்பிவிடுகிறார்கள். குவைத்திலும் அப்படியே. அங்கே வீட்டு வேலைக்கான குடியிருப்பு அனுமதியை 'இருபதாம் நம்பர் விசா' என்பார்கள். நம் ஊர்ப் பேச்சில் 'காதிம் விசா'. பெருக்குபவர், துவைப்பவர், வண்டி ஓட்டுபவர், குழந்தை பார்ப்பவர், சமைப்பவர் ஆகிய அனைவருக்கும் அந்த ஒரே எண்தான்.

அம்மாவை அனுப்பிய முகவர், நான்கு பேர் உள்ள வீடு, மாதம் 60 தினார் என்று சொல்லியிருந்தார். போய்ப் பார்த்தால் பதினொரு பேர். சம்பளம் 45 தினார். அன்றைய மதிப்பில் எட்டாயிரம் ரூபாய்க்குச் சற்று மேல். திரும்பி வரலாமென்றால், முகவருக்குக் கொடுத்த கடன் ஊரில் வட்டியோடு நின்றது. அப்பா அப்போது பிறருடைய விசைப்படகில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தார். மீன்பிடித் தடைக்காலத்தில் அந்தக் கூலியும் இல்லை.

'மாமா' என்றால் யார்?

அந்த வீட்டில் அம்மா கற்ற முதல் பாடம் முறைப்பெயர். வீட்டு எசமானரை 'பாபா' என்று அழைக்க வேண்டும். எசமானியை 'மாமா' என்று அழைக்க வேண்டும். நம் ஊரில் மாமா என்றால் மீசை வைத்தவர். அங்கோ ஓர் அம்மணி! அம்மா முதல் வாரத்தில் அந்த அம்மணியை அழைக்கும்போதெல்லாம் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொள்வாராம். ஏதோ பல்வலி என்று எண்ணி மாத்திரை கொடுத்திருக்கிறார்கள்.

இரண்டாவது பாடம் சோறு. குவைத்து அரபியில் சோற்றுக்கு 'ஐஷ்' என்று பெயர். அந்தச் சொல்லின் வேர் வாழ்க்கையைக் குறிக்கும். எகிப்தில் அதே சொல் ரொட்டியைக் குறிக்கிறது, குவைத்தில் சோறு. நெல் விளையாத பாலைவன நாட்டில் அரிசிக்கு வாழ்வு என்று பெயர் வைத்திருக்கிறார்கள் பாருங்கள்! அம்மாவுக்கு அன்றைக்கே பாதிப் பயம் தெளிந்ததாம். சோறு தின்கிறவர்கள்தானே, எப்படியும் சமாளித்துவிடலாம் என்று.

அவரை அடுப்பருகே நிறுத்தியது மீன். தரை துடைக்கவும் பாத்திரம் கழுவவும்தான் முதலில் வைத்திருந்தார்கள். ஒருநாள் அந்த வீட்டுப் பாட்டி ஒரு தட்டில் 'ஸுபைதி' என்னும் மீனைக் கொண்டுவந்து வைத்து, சுத்தம் செய்யத் தெரியுமா என்று சைகையில் கேட்டார். ஸுபைதி என்பது நம் வெள்ளை வாவல். குவைத்தியர் அதற்கு உயிரை விடுவார்கள். பாம்பன் கரையில் பிறந்தவளிடம் வாவலைக் காட்டித் தெரியுமா என்பதா? செவுளைத் தூக்கிச் சிவப்புப் பார்த்து, கண்ணை அமுக்கிப் பார்த்து, "இது நேத்து மீனு, வேண்டாம்" என்று தமிழிலேயே சொல்லியிருக்கிறார் அம்மா. பாட்டிக்குப் புரிந்துவிட்டது. மறுநாள் மீன் சந்தைக்கே அழைத்துப்போனார்கள். அங்கே 'ஹாமூர்' என்று விற்றது நம் களவா. 'ஷேரி' என்பது விளமீன் இனம். 'ருபியான்' நம் இறால். பெயர் மட்டும் அரபி, மீனெல்லாம் உறவு.

மச்பூஸ் வேகும் விதம்

குவைத்து வீட்டின் தலையாய உணவு 'மச்பூஸ்'. பார்க்கப் பிரியாணி போலிருக்கும். ஆனால் செய்முறை வேறு. முதலில் கறியையோ கோழியையோ நீரில் இட்டு, பட்டை, கிராம்பு, ஏலம், மிளகு, வெங்காயம் சேர்த்து வேகவைப்பார்கள். நீர் கொதிக்கத் தொடங்கியதும் மேலே சாம்பல்நிற நுரை திரளும். அது இறைச்சியின் புரதம் வெப்பத்தால் உறைந்து மிதப்பது. அதைப் பொறுமையாக அள்ளிக் கொட்ட வேண்டும். விட்டால் சாறு கலங்கும். கறி வெந்ததும் வெளியே எடுத்து, குங்குமப்பூவும் பன்னீரும் தடவி, சூளை அடுப்பில் மேல்தோல் சிவக்க வைப்பார்கள். அந்தக் கறிச்சாற்றிலேயே, ஊறவைத்த பாசுமதி அரிசியை வேகவிடுவார்கள். இறுதியில் வெங்காயத்தையும் உலர்ந்த திராட்சையையும் வேகவைத்த கடலைப்பருப்பையும் நெய்யில் வதக்கி மேலே தூவுவார்கள். இதற்கு 'ஹஷூ' என்று பெயர். தொட்டுக்கொள்ளத் தக்காளியும் பூண்டும் சேர்ந்த 'தக்கூஸ்'.

இதில் குங்குமப்பூவை நீரில் ஊறவைப்பதும், நாம் மஞ்சளை எண்ணெயில் வதக்குவதும் வெறும் வழக்கமென்று நினைத்திருந்தேன். குங்குமப்பூவின் நிறப்பொருளான குரோசின் நீரில் கரைவது. மஞ்சளின் குர்குமின் நீரில் கரையாது, கொழுப்பில் கரையும். அம்மாவுக்குக் குரோசின் தெரியாது. ஆனால் குங்குமப்பூவை எண்ணெயில் போட்டால் காசுக்குப் பிடித்த கேடு என்று தெரியும்.

மச்பூஸின் உயிர் 'லூமி'. அது உலர்ந்த எலுமிச்சை. பார்த்தால் கரிக்கட்டை உருண்டை போல் இருக்கும். சிறு எலுமிச்சையை உப்புநீரில் சற்றே வேகவைத்து, வாரக்கணக்கில் வெயிலில் காயவைத்தால், உள்ளே கருத்து, காற்றுப்போல் இலேசாகி, கையால் தட்டினால் ஓசை வரும். அதைத் துளையிட்டுச் சாற்றில் போட வேண்டும். அம்மா முதல் தடவை அதைச் சுத்தியால் நசுக்கிப் போட்டுவிட்டார். அண்டா முழுவதும் கசப்பு. எலுமிச்சை விதையிலுள்ள லிமோனின் என்ற பொருளின் கசப்பு அது. விதையை நீக்கினாலோ, முழுதாக வைத்துத் துளை மட்டும் இட்டாலோ அந்தக் கசப்பு மட்டுப்படும். பதினொரு பேரின் வெள்ளிக்கிழமை விருந்து அன்று குப்பைக்குப் போயிற்று. யாரும் கை ஓங்கவில்லை. ஆனால் எசமானி மூன்று நாள் பேசவில்லை. ஊமைக் கோபத்துக்கு மொழிபெயர்ப்பு வேண்டாமே.

லூமிக்கும் நம் புளிக்கும் உள்ள உறவுதான் இக்கட்டுரையில் நான் மிகவும் சொல்ல விரும்பிய செய்தி. கடல்மீனின் தசையில் டிரைமெதில் அமீன் ஆக்சைடு என்ற பொருள் உண்டு. உப்புநீரில் வாழ்வதற்கு அது மீனுக்குத் துணை. மீன் இறந்ததும் நுண்ணுயிர்கள் அதை டிரைமெதில் அமீனாக மாற்றுகின்றன. நாம் மீன்வாடை என்பது பெரும்பாலும் அதுவே. எளிதில் ஆவியாவதால் மூக்கை எட்டுகிறது. இந்த அமீன் ஒரு காரம். புளியிலுள்ள டார்டாரிக் அமிலமோ, எலுமிச்சையின் சிட்ரிக் அமிலமோ அதனோடு சேர்ந்தால் உப்பாகிறது, உப்பு ஆவியாவதில்லை, வாடை அடங்குகிறது. நம் ஆய்வகத்தில் அமிலத்தையும் காரத்தையும் நடுநிலையாக்குகிறோமே, அதே வினைதான். எங்கள் அம்மாச்சி பாம்பனில் புளியைக் கரைத்து ஊற்றி மீன்குழம்பு வைத்ததும், குவைத்துப் பாட்டி மீன் சாற்றில் லூமியைப் போட்டதும் ஒரே காரியத்துக்காக. இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. இருவருக்கும் நடுவே நின்று, "அங்கே புளி எங்கே போடுவோமோ, இங்கே லூமி அங்கே" என்று புரிந்துகொண்டவர் என் அம்மா. இதைத் திறனற்ற வேலை என்று எப்படி எழுதுவது?

காரத்தின் கணக்கு வேறு. நம் வீட்டுக் காரத்தில் பாதிகூட அவர்கள் தாங்கமாட்டார்கள். மிளகாயே இல்லாமலும் சுவைக்காது. அம்மா கண்ட வழி, பச்சை மிளகாயைக் கீறாமல் முழுதாகச் சாற்றில் மிதக்கவிட்டுப் பிறகு எடுத்துவிடுவது. மணம் இறங்கும், காரம் அவ்வளவாக இறங்காது. காரத்துக்குக் காரணமான காப்சைசின், விதையைத் தாங்கும் வெள்ளைத் தசையில்தான் மிகுதி. விதையில் என்பது பொதுவான தவறான எண்ணம். அது நீரில் ஏறக்குறையக் கரையாது. ஆகவேதான் காரம் தின்று தண்ணீர் குடித்தால் எரிச்சல் அடங்குவதில்லை. பாலோ தயிரோ அடக்கும். கடைக்குட்டிப் பையன் ஒருநாள் அம்மாவின் தட்டிலிருந்த மிளகாய்ச் சம்பலை எடுத்துத் தின்று அலற, அம்மா ஒரு குவளை மோரைக் கொடுத்துத் தூக்கி வைத்துக்கொண்டார். அன்று முதல் அவன் அம்மாவை விட்டு அகலவில்லை. பள்ளியிலிருந்து வந்ததும் "சோறு" என்று தமிழில் கேட்பானாம். அவனுக்கு என்னைவிட இரண்டு வயது குறைவு. எனக்கு அவன்மேல் நெடுநாள் பொறாமை இருந்தது என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

நோன்புக் காலத்து நாக்கு

ரமலான் மாதம்தான் சமையற்காரருக்குக் கடுமையான சோதனை. பகலெல்லாம் அடுப்பு அணைந்திருக்கும் என்று வெளியில் இருப்பவர் எண்ணலாம். உண்மை அதற்கு நேர்மாறு. மாலை நோன்பு திறக்கும் நேரத்துக்குப் பருப்புச் சாறு, ரொட்டியைக் கறிச்சாற்றில் ஊறவைத்த 'தஷ்ரீப்', பாகில் நனைத்த 'லுகைமாத்' என்ற மாவு உருண்டை, இவற்றோடு 'ஹரீஸ்'. பிறகு நள்ளிரவை ஒட்டி உறவினர் கூடும் 'கப்கா' விருந்து. அதற்கும் பிறகு விடியலுக்கு முன் உண்ணும் சஹர் உணவு. அம்மா அந்த மாதத்தில் தொடர்ச்சியாக நான்கு மணி நேரம் தூங்கிய நாள் அரிது.

ஹரீஸ் என்பது முழுக்கோதுமையை ஊறவைத்து, இறைச்சியோடு மணிக்கணக்கில் வேகவிட்டு, மரக்கட்டையால் அடித்துக் குழைப்பது. இறைச்சியின் இணைப்புத் தசையிலுள்ள கொலாஜன் நீண்ட வெப்பத்தில் ஜெலட்டினாக மாறுகிறது. கோதுமையின் மாவுச்சத்து நீரை உறிஞ்சிப் பசையாகிறது. இரண்டும் சேர்ந்து இழைபோல் இழுக்கும் பதம் வரும். நம் கரையோரப் பள்ளிவாசல்களில் நோன்புக் கஞ்சி காய்ச்சுவதைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பதம் பழக்கமானதே. கோதுமைக்குப் பதில் அரிசி. 2023-இல் ஹரீஸ் செய்யும் திறனை யுனெஸ்கோ நிறுவனம் மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாகப் பட்டியலிட்டது. ஐக்கிய அரபு அமீரகம், ஓமன், சவூதி அரேபியா ஆகிய மூன்று நாடுகள் சேர்ந்து விண்ணப்பித்தன. வளைகுடாவின் எத்தனையோ வீடுகளில் அந்தக் கட்டையைப் பிடிப்பவை நம் நாட்டுப் பெண்களின் கைகள் என்பதை அந்தச் செய்தியைப் படித்தபோது நினைத்துக்கொண்டேன்.

நோன்பாளிகள் நிறைந்த வீட்டில் உப்புப் பார்ப்பது யார்? நாங்கள் வேதக்காரர்கள், அம்மாவுக்கு நோன்பில்லை. எனவே அந்த வீட்டில் ரமலான் பகலில் உப்பும் புளிப்பும் சொல்லும் நாக்கு அம்மாவுடையது ஒன்றுதான். பக்கத்து வீட்டிலிருந்தும் கிண்ணத்தில் கொண்டுவந்து நீட்டுவார்களாம். உண்ணாத வீட்டில் தாம் மட்டும் உண்பதற்குக் கூச்சப்பட்டு, அந்தச் சிறு கரண்டிச் சுவையோடு மாலை வரை இருந்துவிடுவார் அம்மா. எங்கள் தவக்காலத்து நோன்பைவிட அது கடுமையாக இருந்தது என்று சொல்லிச் சிரிப்பார்.

வெள்ளிக்கிழமை

2015 வரை குவைத்தில் வீட்டுப் பணியாளருக்கு வேலைநேரமோ விடுமுறையோ வகுத்த சட்டம் இல்லை. 2010-இல் வந்த தனியார்துறைத் தொழிலாளர் சட்டம் அவர்களை வெளியே நிறுத்தியது. 2011-இல் ஜெனீவாவில் சர்வதேசத் தொழிலாளர் மாநாடு, வீட்டுப் பணியும் பணியே என்று 189-ஆம் உடன்பாட்டை ஏற்றது. ஆதரித்து வாக்களித்த நம் நாடு இன்னும் அதை உறுதிசெய்யவில்லை. குவைத்தும் செய்யவில்லை. ஆனால் குவைத்து 2015-இல் 68-ஆம் எண் சட்டத்தைக் கொண்டுவந்தது. நாளொன்றுக்கு 12 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. வாரத்துக்கு ஒருநாள் ஓய்வு. ஆண்டுக்கு ஒரு மாதம் சம்பளத்தோடு விடுப்பு. பணி முடிந்து போகும்போது ஓராண்டுக்கு ஒரு மாதச் சம்பளம் என்ற கணக்கில் பணிக்கொடை. கடவுச்சீட்டை எசமானர் வைத்துக்கொள்ளக் கூடாது. 2016-இல் குறைந்தபட்சச் சம்பளம் 60 தினார் என்று ஆணை வந்தது.

சட்டம் சமையற்கட்டுக்குள் நுழைய எவ்வளவு நேரம் ஆகிறது? சம்பளம் 60 ஆயிற்று. அதில் குறை சொல்ல முடியாது. ஓய்வுநாள் வெள்ளி என்றார்கள். வெள்ளிக்கிழமை மதியம்தான் மகன்களும் மகள்களும் பேரப்பிள்ளைகளும் கூடும் பெருவிருந்து! சமைக்கிறவருக்கு அன்று எப்படி ஓய்வு? சனிக்கிழமை பிற்பகல் நான்கு மணி நேரம் என்று ஓர் ஏற்பாடு வந்தது. கடவுச்சீட்டு எசமானியின் அலமாரியிலேயே இருந்தது. அம்மா கேட்கவில்லை. குடியிருப்பு அனுமதி முழுவதும் எசமானரின் பொறுப்பில் இருக்கும் நாட்டில், அவரை 'கஃபீல்' என்பார்கள், அலமாரிச் சாவியைக் கேட்பது எளிதா? பணிக்கொடை என்ற ஒன்று இருப்பதே அம்மாவுக்குத் தெரியாது. திரும்பி வந்த பிறகு நான் படித்துச் சொன்னபோதுதான் தெரிந்துகொண்டார். வழியனுப்பும்போது ஒரு தங்கச் சங்கிலியும் 100 தினாரும் கொடுத்திருக்கிறார்கள். பாட்டி அழுதிருக்கிறார். அம்மாவும் அழுதிருக்கிறார். "நல்ல மனுசங்கதான், சட்டம்தான் அவங்களுக்கும் தெரியல போல" என்பது அம்மாவின் கட்சி. எனக்கு அந்தக் கட்சியில் சேர மனமில்லை.

நம்மவர் வீடுகளில் யாரேனும் இவ்வேலைக்குப் புறப்படுவதாக இருந்தால், ஒரு செய்தி பயன்படக்கூடும். 2016 முதல், குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் பெண்களை அரசு சார்ந்த நிறுவனங்கள் வழியே அனுப்புவது என்று மத்திய அரசு முடிவெடுத்தது. தமிழ்நாட்டில் அதற்கென 1978-இல் தொடங்கப்பட்ட அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது. 2021 ஜூனில் குவைத்தும் இந்தியாவும் வீட்டுப் பணியாளர் பற்றி ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தத்திலும் கையெழுத்திட்டன. தெருமுனை முகவர் இவற்றையெல்லாம் சொல்லமாட்டார்.

2020 மார்ச்சில் விமானங்கள் நின்றன. அந்த ஆண்டு ஜூலையில் அம்மாச்சி இறந்தார். அம்மா கைப்பேசியின் சிறு திரையில் அடக்கத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே அடுப்பில் சோற்றைக் கிளறியதாகப் பிறகு ஒருநாள் சொன்னார். அதற்குமேல் அதைப் பற்றி நான் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்த சுவை

2022-இல் அம்மா ஊருக்கு வந்தார். முதல்நாள் மீன்குழம்பு வைத்தார். பத்தாண்டுகள் அம்மாச்சியின் குழம்பில் வளர்ந்த எனக்கு அது யாரோ வைத்த குழம்பு போலிருந்தது. காரம் இல்லை, புளி மென்மை, எங்கோ ஏலக்காய் வாசம். அப்பா ஒன்றும் சொல்லாமல் உப்புக்கல்லை எடுத்துப் போட்டுக்கொண்டார். அம்மா தட்டைப் பார்த்தபடி, "நாக்கு அங்கயே நின்னுபோச்சு புள்ள, மெதுவாத்தான் வரும்" என்றார். அவருடைய நாக்கு அம்மாச்சி வழிக்குத் திரும்ப ஏறக்குறைய ஓராண்டு ஆயிற்று.

வேலையும் தேடினார். இராமேஸ்வரத்தில் யாத்திரிகர் வரும் உணவகங்களுக்கா பஞ்சம்? ஓர் உணவகத்தில் பத்தாண்டு அனுபவத்தைச் சொன்னபோது, 'மாஸ்டர்' வேலைக்கு ஆண்கள்தான், பாத்திரம் துலக்க வருகிறாயா என்று கேட்டார்கள். அம்மா வந்துவிட்டார். சென்ற ஆண்டு, வளைகுடாவிலிருந்து திரும்பிய ஒரு குடும்பத்தார் தங்கள் புதுமனை விழாவுக்கு மச்பூஸ் செய்யச் சொல்லி அழைத்தார்கள். நாற்பது பேருக்கு. நான்தான் கூடமாட நின்றேன். அரிசியை எவ்வளவு நேரம் ஊறவைப்பது, நாற்பது பேருக்குச் சாறு எத்தனை படி என்று அம்மா எந்தத் தாளும் பார்க்காமல் சொன்ன கணக்கு, நான் எழுதி வைத்துப் பார்த்தால் ஒரு பக்கத்துக்கு மேல் வந்தது. விருந்துண்ட ஒரு பெரியவர் உள்ளே வந்து, "குவைத்துல எந்த ஓட்டல்லம்மா இருந்தீங்க?" என்று கேட்டார். வீட்டில் என்றார் அம்மா. அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

அம்மா கொண்டுவந்த லூமி டப்பாவில் நான்குதான் மிச்சம். ஆகவே சென்ற கோடை விடுமுறையில் நாமே செய்து பார்ப்போமென்று, இருபது எலுமிச்சையை உப்புநீரில் இரண்டு நிமிடம் வேகவைத்து மொட்டைமாடியில் காயப்போட்டேன். பாம்பன் காற்றில் ஈரம் அதிகம். முதல் முயற்சியில் ஐந்தாம் நாளே பூஞ்சை பிடித்துவிட்டது. இரண்டாம் முறை உப்பைக் கூட்டி, இரவில் எடுத்து உள்ளே வைத்து, காகத்துக்கு வலை மூடி, ஐந்து வாரம் காத்திருந்தேன். பழுப்பேறியது, முழுக் கருப்பு வரவில்லை. அதிலொன்றை எடுத்து மூக்கருகே வைத்துப் பார்த்த அம்மா, "வாசம் வந்துருச்சு, கருப்பு இன்னும் வரல. இன்னொரு பத்து நாள் போடு" என்று என் கையில் திருப்பிக் கொடுத்தார். போட்டிருக்கிறேன்.